அந்தக் 'கொலென்சோ' துப்பாக்கி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில் ஒரு ரைஃபிளின் படம் வந்திருந்தது. 'போயர் போரில் நம் தமிழர் ஏந்திய துப்பாக்கி' என்று தலைப்பு. இங்கே தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போர் அது. கட்டையில் 'கொலென்சோ 1899' என்று ஆங்கில எழுத்தில் செதுக்கியிருப்பது படத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. அந்தப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்த ஒருவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கொலென்சோ, ஸ்பியோன் காப் என்ற நேட்டால் மாகாணப் போர்க்களங்களில் நடந்தார் என்று கீழே எழுதியிருந்தீர்கள். அந்தத் துப்பாக்கி அந்தப் போரைப் பார்த்ததே இல்லை. அந்தப் படையில் யாரும் துப்பாக்கி ஏந்தவும் இல்லை. இரண்டையும் விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழிலால் ஃபிட்டர். முதலில் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் வேலை. பிறகு ஓய்வு பெறும்வரை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்பட்டறையில் இருந்தேன். பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து காட்டுவார்கள். இப்போதும் அவ்வப்போது அங்கே போய் உட்காருகிறேன்.

படம் கொடுத்த குடும்பத்தார்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. படம் வந்த பிறகு அந்த வீட்டுப் பையனே ரைஃபிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். சேகரிப்பாளர் உரிமம் வைத்திருக்கிறான், எல்லாம் முறைப்படிதான். "அங்கிள், எங்க கொள்ளுத்தாத்தா அந்தப் படையில இருந்தாருன்னு பாட்டி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. விற்கிறவர் இது அந்தப் படை ஆளோட துப்பாக்கின்னு சொன்னதும் நான் விலையே பேசல" என்றான். குடும்பப் பெருமையை அறிந்துவைத்துக்கொண்டு, அதையே காசாக்கியிருக்கிறார் அந்த வியாபாரி. எனக்குக் கோபம் அவர்மேல்தான்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

போயர் போர் 1899 அக்டோபரில் தொடங்கி 1902 மே 31 அன்று முடிந்தது. அப்போது பிரிட்டிஷ் காலாட்படை வைத்திருந்தது லீ-மெட்ஃபோர்டும் முதல் லீ-என்ஃபீல்டும். இரண்டும் நீளமான ரைஃபிள்கள், மரக்கட்டை முடிந்த பிறகும் குழல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் படத்தில் இருப்பது குட்டை லீ-என்ஃபீல்ட். அதில் மரம் குழல் வாய்வரை வந்து, முனையில் மொட்டையாக ஒரு இரும்பு மூக்கோடு நிற்கும். இந்தக் குட்டை வகை போர் முடிந்த பிறகுதான் படைகளுக்குப் போனது. அதிலும் படத்தில் இருக்கும் மார்க் 3 என்பது 1907-ல் வந்தது. மூக்கைப் பார்த்தாலே போதும், கையில் எடுக்கக்கூடத் தேவையில்லை.

கையில் எடுத்த பிறகு மிச்சமும் தெரிந்துவிட்டது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்டின் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து பொருந்துகிற இரும்பு வளையத்தின் வலது பக்கத்தில்தான் இந்த ரைஃபிள்களின் பிறப்புச் சான்று இருக்கும். மேலே கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், பிறகு தொழிற்சாலை, வருடம், வகை. வியாபாரி கொடுத்த படம் இடது பக்கத்தைக் காட்டியது. வலது பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. அங்கே கிரீடத்துக்குக் கீழே 'ஜி.ஆர்.ஐ.' என்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தவற்றில் 'ஜி.ஆர்.' (ஜார்ஜ் அரசர்) என்று இரண்டு எழுத்தோடு நிற்கும். மூன்றாவது எழுத்து, ஜார்ஜ் இந்தியாவின் பேரரசர் என்பதற்காக இந்தியத் தொழிற்சாலை சேர்த்தது. அடுத்த வரியில் இஷாப்பூர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ரைஃபிள் தொழிற்சாலை அது. அதற்கடுத்து 1942. கடைசியில் 3-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். முதல் உலகப் போரின்போது வேகமாகச் செய்வதற்காகச் சில பாகங்களைக் குறைத்து எளிமையாக்கிய வகைக்குத்தான் அந்த நட்சத்திரம் போட்டார்கள். கொலென்சோ சண்டை நடந்தது 1899 டிசம்பர் 15. அதற்கு 43 வருடம் கழித்துப் பிறந்த துப்பாக்கி இது.

இஷாப்பூர் ரைஃபிள் ஒன்றும் மட்டமான பொருள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இந்த வகையை வைத்துத்தான் சண்டை போட்டன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் எத்தனையோ தமிழர்கள் இருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றிருந்தால் அதற்கும் ஒரு மரியாதை இருக்கும், நியாயமான விலையும் கிடைக்கும். அந்த உண்மையான வரலாற்றைச் சுரண்டிவிட்டுப் பொய்யை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தச் செதுக்கலைப் பற்றி. படம் பார்த்த பலரை நம்பவைத்ததும் அதுதான். போயர்கள் தங்கள் ஜெர்மன் மாசர் ரைஃபிள்களின் கட்டையில் பெயரும் ஊரும் செதுக்குவது சாதாரணம். அருங்காட்சியகங்களில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. செதுக்கிய ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை கூடும். அதனாலேயே வெறும் கட்டையை எடுத்து உளி பிடிக்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

நான் முதலில் எழுத்தைப் பார்க்கமாட்டேன், எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அடியைப் பார்ப்பேன். எந்த ராணுவ ரைஃபிளின் கட்டையிலும் அடிபட்ட பள்ளங்கள் இருக்கும். வண்டியில் இடித்தது, கல்லில் விழுந்தது, அலமாரியில் உரசியது என்று காலம் முழுக்கச் சேர்ந்தவை. அந்தப் பள்ளமும் செதுக்கிய கோடும் எங்கே குறுக்கிடுகின்றன என்று தேடவேண்டும். கோடு முதலில் வந்து அடி பிறகு விழுந்திருந்தால், அடி விழுந்த இடத்தில் கோட்டின் ஓரம் நசுங்கி, மடங்கி, சில இடத்தில் மூடியே போயிருக்கும். அடி முதலில், கோடு பிறகு என்றால், உளி பள்ளத்துக்குள் இறங்கி அதன் அடித்தரையையும் சுத்தமாக வெட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறியிருக்கும். இந்த ரைஃபிளில் 'எல்' எழுத்தின் நிமிர்ந்த கோடு ஒரு பெரிய பள்ளத்தைக் கடந்து போகிறது. பள்ளத்தின் உள்ளேயும் வெட்டு கூர்மையாக, ஓரம் கலையாமல் இருக்கிறது. 'ஓ' எழுத்தின் வட்டத்துக்குள் இரண்டு சின்னக் கீறல்கள் உண்டு; வட்டம் அவற்றையும் வெட்டிக்கொண்டு போகிறது. எழுத்தின்மேல் விழுந்த அடி என்று ஒன்றுகூட இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கட்டை எல்லா இடத்திலும் அடி வாங்கி, எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கீறலும் விழாமல் தப்புமா?

அப்புறம் நிறம். பழைய கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பூசியிருப்பார்கள். அந்த எண்ணெயும் கை அழுக்கும் சேர்ந்து செதுக்கலின் அடிவரை இறங்கி, கல் மாதிரி இறுகியிருக்கும். பஞ்சில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு ஒற்றினால் லேசான பழுப்புதான் வரும். இங்கே ஒற்றினபோது பஞ்சில் கருப்பாக வந்தது ஷூ பாலிஷ். வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. பாலிஷ் போன இடத்தில் வெட்டின் அடியில் வெளிறிய புது மரம். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரும்பில் போலி முத்திரை அடிப்பது இதைவிட நுணுக்கமான வேலை. கண்டுபிடிப்பதற்கும் அதிக நேரம் வேண்டும். தொழிற்சாலையில் முத்திரையை அடித்த பிறகுதான் இரும்பை மெருகேற்றி, நீல நிறம் ஏற்றினார்கள். அதனால் எழுத்தின் அடியிலும் மேல்பரப்பிலும் ஒரே வயதுள்ள நிறம் இருக்கும். மேல்பரப்பு தேய்ந்து சாம்பல் நிறமானாலும் எழுத்தின் அடியில் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய துப்பாக்கியில் புதிதாகப் பஞ்ச் வைத்து அடித்தால் இரும்பு ஓரத்தில் மேடாகப் பிதுங்கும். விரல்நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். அதை மறைக்க உப்புத்தாளோ அரமோ போடுவார்கள். போட்டால் சுற்றிலும் ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும். அதை மறைக்கக் குளிர்முறையில் நிறம் ஏற்றும் திரவத்தைத் தடவுவார்கள். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. அந்தத் திரவத்தின் வாடை பல மாதம் போகாது, நிறமும் திட்டுத்திட்டாக நிற்கும். எழுத்தை அடிக்காமல் இயந்திரத்தில் குடைந்திருந்தால் கோட்டின் அடி உருண்டையாகவும் நுனிகள் வட்டமாகவும் இருக்கும். பஞ்ச் அடித்த எழுத்தின் அடி ஆப்பு வடிவில் கூர்ந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இதெல்லாம் தெரியும், பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக விடுவார்கள். பிறகு யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். பின்கட்டைத் தகட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினால் இரும்பு தடுக்கும். கட்டையில் இருந்த பழைய முத்திரைகளும் அந்தத் தேய்ப்பில் மங்கியிருக்கும். 'நல்ல பளபளப்பு' என்று யாராவது புகழ்ந்தால் இந்த ஓரத்தைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன்.

திருப்புளி போட்டுக் கழற்றக்கூடிய எதையும் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லீ-என்ஃபீல்டின் பின்கட்டையில் பித்தளையில் ஒரு வட்டத் தகடு இருக்கும், அதில் ரெஜிமென்ட் பெயரும் எண்ணும் அடித்திருப்பார்கள். அந்தத் தகடு ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. வேறு கட்டையிலிருந்து எடுத்து மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது. புதுத் தகட்டையே செய்து விற்பவர்களும் உண்டு. ஸ்க்ரூ தலையில் புதிதாகத் திருகிய தடயம் இருக்கிறதா, தகட்டைச் சுற்றிலும் உள்ள அழுக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். போல்டின் எண்ணும், அது ஓடுகிற இரும்புக் கூடான ரிசீவரின் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். எண்கள் பொருந்தாவிட்டால் அதனாலேயே போலி என்று ஆகிவிடாது, ராணுவப் பட்டறையில் போல்ட் மாற்றுவது உண்டு. ஆனால் 'பெட்டியில் வைத்தபடியே இருந்தது' என்று சொல்லும் கதை அங்கேயே உடைந்துவிடும்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு முத்திரையையும் சொல்லவேண்டும். ஆங்கில 'யு' எழுத்துக்குள் மேல்நோக்கிய அம்பு. தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் சொத்து என்று அர்த்தம். யூனியன் உருவானது 1910 மே 31. அதனால் அந்த முத்திரை விழுந்த நாள் அதற்குப் பிறகுதான். நேட்டால் பக்கத்தில், மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்களிலும் லீ-என்ஃபீல்டுகளிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், படையிலிருந்து விற்றுக் கழித்த துப்பாக்கி என்று பொருள். இப்படி ஒரு துப்பாக்கியின் வாழ்க்கையை முத்திரைகளை வைத்தே வரிசையாகப் படிக்கலாம். விற்கிறவர் சொல்லும் கதை அந்த வரிசையில் எங்கேயாவது முரண்படுகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம்.

மாசர் வாங்க நினைப்பவர்கள் உங்கள் வாசகர்களில் இருக்கலாம் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் டிரான்ஸ்வாலுக்குள் புகுந்த ஜேம்சன் படையெடுப்புக்குப் பிறகு, 1896-லும் 1897-லும், போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு சுமார் 37,000 மாசர்களை ஜெர்மனியிலிருந்து வாங்கியது. குண்டின் விட்டம் 7 மில்லிமீட்டர். செய்தது பெர்லினில் லுட்விக் லோவே கம்பெனி. அது 1896 கடைசியில் டி.டபிள்யூ.எம். என்ற பெரிய கம்பெனிக்குள் சேர்ந்துவிட்டதால் இரண்டு பெயருமே வரும். இன்னொரு போயர் குடியரசான ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் வாங்கியவற்றில், அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளான 'ஓ.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்து இருக்கும். இந்த மூன்று எழுத்துக்காகத்தான் விலை ஏறுகிறது, போலியும் பெருகுகிறது. ஏனென்றால் அதே தொழிற்சாலை அதே காலத்தில் சிலி நாட்டுக்கும் இதே வகையில் ஏராளமாகச் செய்தது. சிலி ரைஃபிளின் ரிசீவர் வளையத்தின் உச்சியில் அந்த நாட்டுச் சின்னம் அடித்திருக்கும். அதை அரைத்து எடுத்துவிட்டு மூன்று எழுத்தைத் தட்டினால் பாதி வேலை முடிந்தது. சிலிக்காகச் செய்த சில ரைஃபிள்கள் உண்மையிலேயே ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன என்பது ஏமாற்றுபவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

இதைப் பிடிக்க ஃபிட்டர்கள் செய்வது ஒன்று உண்டு. நீளமான டியூப் லைட்டுக்குக் கீழே ரிசீவர் வளையத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். உருண்டையான இரும்பின்மேல் வெளிச்சம் ஒரே நேர்க்கோடாக விழும். அரைத்த இடம் வந்ததும் அந்தக் கோடு வளையும், அகலமாகும், சில சமயம் துண்டாக நிற்கும். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அரத்தால் இழுத்த உருண்டை கடைசலில் கடைந்த உருண்டை ஆகாது. இந்தப் பரிசோதனை நல்ல காசு கொடுக்க இருந்த எத்தனையோ பேரை எங்கள் பட்டறையில் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

மார்ட்டினி-ஹென்றி விஷயத்தில் நம் ஆட்கள் இன்னொரு வலையில் விழுகிறார்கள். இசாண்டில்வானாவில் 1879 ஜனவரி 22 அன்று ஜூலுப் படை பிரிட்டிஷ் முகாமை அழித்து ரைஃபிள்களை அள்ளிக்கொண்டு போனது இந்த மாகாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அதனால் இங்கே யார் வீட்டு மார்ட்டினியும் 'இசாண்டில்வானா மார்ட்டினி' ஆகிவிடுகிறது. ரிசீவரின் வலது பக்கத்தில் கிரீடம், விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர்., தொழிற்சாலை, வருடம் இருக்கும். வருடம் 1879-ஐத் தாண்டினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். அதற்குப் பிந்தைய வருடத்தோடு வி.ஆர். நின்றால் அது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறை வேலை. அங்கே கையாலேயே முழு ரைஃபிளையும் செய்துவிடுவார்கள். பார்வைக்கு அசலாக இருக்கும். ஆனால் முத்திரையில் 'என்' எழுத்து திரும்பி நிற்கும், என்ஃபீல்ட் என்ற பெயரில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அதன் இரும்பை நம்பித் தோட்டா போட்டுச் சுடுவது உயிருக்கே ஆபத்து. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

நேபாளத்து மார்ட்டினிகள் வேறு கதை. காத்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனைக் கிடங்கில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த பழைய துப்பாக்கிகளை 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கி உலகம் முழுக்க விற்றார்கள். அவற்றில் பலவற்றின் இரும்பிலும் கட்டையிலும் தேவநாகரியில் எழுத்தும் எண்ணும் இருக்கும், நேபாளப் படையின் கணக்குக்காகப் போட்டவை. அப்படி ஒன்றை இங்கே ஒருவர் 'இந்திய எழுத்து இருக்கிறது பாருங்கள், இந்திய சிப்பாய் போயர் போருக்குக் கொண்டுவந்தது' என்று சொல்லி விற்கப் பார்த்தார். இந்திய சிப்பாய்கள் அந்தப் போரில் சண்டையே போடவில்லை. வெள்ளையர்களுக்கு இடையிலான சண்டையில் மற்ற நிறத்தவரை ஆயுதத்தோடு இறக்கக்கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் முடிவு. இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் படைகள் வந்தது உண்மை, ஆனால் அவை இந்தியாவில் இருந்த வெள்ளைப் படைகள். கூட வந்த இந்தியர்கள் தூக்குப்படுக்கை சுமந்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், தண்ணீர் கொண்டுபோனவர்கள்.

தாளில் வரும் சான்றுகளைப் பற்றிச் சுருக்கமாக: குடும்பத்துக்குள் எழுதிய கடிதத்தில் துப்பாக்கியின் எண் இல்லையென்றால் அது இந்தத் துப்பாக்கியைப் பற்றியது என்று எதை வைத்துச் சொல்வது? 'போர்க்களத்தில் தோண்டி எடுத்தது' என்று யாராவது காட்டினால் தொடவே தொடாதீர்கள். ராணுவ வரலாற்றோடு சேர்ந்த 75 வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களையும் அவை கிடக்கும் இடங்களையும் 1999-ன் தேசிய மரபுவளச் சட்டம் பாதுகாக்கிறது. அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம்.

உரிமம் இன்னும் முக்கியம். நம் வீடுகளில் இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. பழையது என்றால் உரிமம் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். 2000-ம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதலில் வந்தபோதே, குழல் வாய் வழியாக மருந்து இடிக்கிற, 1900-க்கு முன் செய்த துப்பாக்கியும் அதன் நகலும் மட்டும்தான் பழம்பொருள் கணக்கில் வந்தன. மார்ட்டினி, மாசர், லீ-மெட்ஃபோர்ட் எல்லாம் பின்பக்கம் தோட்டா போடுபவை. எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். பெரியவர் இறந்த பிறகு அலமாரியில் ஒன்று கிடைத்தால் ஒளித்துவைக்காமல் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். விற்கிறவர் 'இது பழம்பொருள், தாள் எதுவும் வேண்டாம்' என்று சொன்னால், அவர் சொல்லும் மற்ற எதையும் நம்புவதற்கில்லை.

இப்போது எனக்கு மிகவும் மனதுக்குப் பட்ட விஷயம்.

இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். ஏறக்குறைய 800 பேர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள், மீதி 300 பேர் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். இவர்களில் பலருக்கு டாக்டர் பூத் என்ற பாதிரியார்தான் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். கொலென்சோவில் பிரிட்டிஷ் படை பீரங்கிகளைக்கூடப் பறிகொடுத்துத் தோற்ற அன்று, இவர்கள் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் இவர்கள் போகவேண்டியதில்லை என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. ஸ்பியோன் காப் சமயத்தில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் புல்லர், கட்டாயம் இல்லை, வந்தால் நன்றியோடு இருப்போம் என்று கேட்டனுப்பியபோது போனார்கள். அடிபட்டவர்களைத் தூக்குப்படுக்கையில் வைத்துக்கொண்டு ஒரே நாளில் 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். அந்தப் படையின் பழைய புகைப்படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். நடுவில் காந்தியும் டாக்டர் பூத்தும், சுற்றிலும் தொப்பி வைத்த நம்மவர்கள், கையில் செஞ்சிலுவைப் பட்டை. ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை.

சண்டை போடுபவனிடம் துப்பாக்கி இருக்கிறது, பதுங்க இடம் இருக்கிறது. தூக்குப்படுக்கையின் இரண்டு கம்பையும் பிடித்தவனுக்கு இரண்டு கையும் போச்சு. குண்டு வந்தால் படுத்துக்கொள்ளவும் முடியாது, மேலே கிடப்பவன் விழுந்துவிடுவான். கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரியான சர்தாரின் அதட்டலுக்கு எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், தன்னை மனிதனாகவே நடத்தாத ஆட்சியின் சிப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மலைச்சரிவில் இறங்கினார். அவர் கையில் நாம் இப்போது ஒரு போலித் துப்பாக்கியைத் திணித்தால் அவர் செய்த காரியம் மறைந்துபோகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. நாளைக்குப் பள்ளிப் பிள்ளை ஒன்று உங்கள் பத்திரிகையை வெட்டி ஒட்டி, நம் தாத்தாக்கள் போயர்களைச் சுட்டார்கள் என்று எழுதும். அதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதே போரில் போயர்கள் லேடிஸ்மித் ஊரை முற்றுகையிட்டபோது, பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலி, போயர்களின் பெரிய பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் மணியடித்து ஊரை எச்சரித்தார். அவர் கையிலும் ஆயுதம் இல்லை. இந்த மாதிரி ஆட்களின் கதைக்கு இடம் போதவில்லை என்றால் குடும்பப் பக்கத்தில் வேறு எதையாவது குறையுங்கள்.

ஆசிரியர் அவர்கள் செய்யவேண்டியது இரண்டு. அந்தப் படத்துக்குத் திருத்தம் போடுங்கள்: ரைஃபிள் இஷாப்பூரில் 1942-ல் செய்த குட்டை லீ-என்ஃபீல்ட் என்று அப்படியே எழுதுங்கள். பையனிடம் கேட்டுவிட்டேன், அவனுக்குச் சம்மதம். வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தத் திருத்தம் உதவும் என்கிறான். இன்னொன்று, இனி இப்படி ஒரு துப்பாக்கியின் படம் வந்தால் இடது பக்கம், வலது பக்கம், முத்திரை இருக்கும் இடம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். உரிமத்தையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டண்டியில் தலானா அருங்காட்சியகம் இருக்கிறது, லேடிஸ்மித்தில் முற்றுகை அருங்காட்சியகம் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க்கில் சாக்ஸன்வோல்ட் ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அசலை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் என்றால் நானே வந்து பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

அந்தப் பையன் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்தத் தாள் இருக்கிறதாம். கப்பல் பெயரும், சென்னையில் ஏறிய வருடமும், ஒப்பந்தக் கூலிகளுக்குக் கொடுத்த காலனி எண்ணும் அதில் இருக்கின்றன என்றான். திருத்தம் போடுகிற அன்று துப்பாக்கிக்குப் பதிலாக அந்தத் தாளின் படத்தைப் போடுங்கள். எண் தெரியும்படி பெரிதாகப் போட்டால், அதே கப்பலில் வந்தவர்களின் குடும்பங்கள் யாராவது உங்களுக்கு எழுதக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்